ஃபோர்க் உடையும் விதம்

சைக்கிள் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இரும்புதான் நிலைக்கும். அலாய் கொஞ்ச நாள் ஓடும். கார்பன் கண்ணாடி மாதிரி, எப்ப வேணும்னாலும் நொறுங்கும்." அலாய் என்று அவர் சொல்வது அலுமினியக் கலவையை. பக்கத்தில் இருப்பவர் உடனே மறுப்பார். விமானத்தையே கார்பனில் கட்டுகிறார்கள், நீ இன்னும் இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்பார். இந்த இரண்டு பேச்சையும் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சைக்கிள் எடுக்கப் போகிற ஒருவருக்கு இரண்டுமே உதவுவதில்லை.

சித்தி மகன் தூரப் பயணங்களுக்கு ஒரு சைக்கிள் எடுக்க நினைத்து, "அண்ணா, எதுல எடுத்தா பயமில்லாம ஓட்டலாம்?" என்று கேட்டான். அவனுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சைக்கிளின் உடலான ஃபிரேமுக்கு ஒரு பதிலும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்குக்கு வேறொரு பதிலும் என்னிடம் இருந்தன. இரண்டையும் ஒரே பொருளாக நினைத்துப் பேசுவதில்தான் இந்த விவாதம் ஒவ்வொரு முறையும் முட்டி நிற்கிறது என்று தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எண்கள் எதுவரை வரும்

முதலில் எண்களை முடித்துவிடலாம். எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம். டைட்டானியத்துக்கு 4.5, அலுமினியத்துக்கு 2.7. யங் குணகத்தைப் பார்த்தால் எஃகு சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியம் 110க்குச் சற்றுக் கீழே, அலுமினியம் 70. பள்ளிக்கூடத்தில் படித்த அதே யங் குணகம்தான்; ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு. இப்போது குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். மூன்று உலோகத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை வருகிறது, இருபத்தைந்தை ஒட்டி. அதாவது ஒரே எடைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே விறைப்பைத்தான் தருகின்றன. கடையில் தூக்கிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து நாம் உணரும் வித்தியாசத்தில் பெரும்பகுதி குழாயின் வடிவத்திலிருந்து வருவது.

குழாயின் சுவர்த் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடையும் இரண்டு மடங்காகும். ஆனால் வளைவதற்கு எதிரான விறைப்பு எட்டு மடங்காகிவிடும். அலுமினியம் லேசானது என்பதால் அதில் பருத்த குழாய் செய்ய முடிகிறது. எஃகில் அதே பருமனுக்குப் போய், எடையும் ஏறக்கூடாது என்றால், சுவரை மிக மெல்லியதாக்க வேண்டிவரும். சாய்த்து வைத்த சைக்கிள் சரிந்து கம்பியில் பட்டாலே குழாயில் குழி விழும். நல்ல எஃகு ஃபிரேம்களில் குழாயின் நடுப்பகுதி இப்போதே அரை மில்லிமீட்டரை நெருங்கும் அளவுக்கு மெல்லியது. மூட்டுகள் வரும் முனைகளில் மட்டும் தடித்திருக்கும். முனையில் தடிப்பு, நடுவில் மெலிவு என்ற இந்த உத்திக்கு இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897லேயே காப்புரிமை பெற்றுவிட்டது. அதே நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் அதன் பிறகு பல பத்தாண்டுகள் நல்ல சைக்கிளின் அடையாளமாகவே இருந்தது. பருத்த அலுமினியக் குழாய் 1970களில் கேரி கிளைன் போன்றவர்கள் கையில் உருவாகி, 1980களில் பரவலானது.

கார்பன் என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். அடர்த்தி 1.6ஐ ஒட்டி இருக்கும். இழை ஓடும் திசையில் அதன் வலு அசாத்தியமானது. இழைக்குக் குறுக்கே பிசினின் வலுதான் மிஞ்சும். எனவே செய்பவர் ஒவ்வொரு அடுக்கையும் எந்தக் கோணத்தில் வைத்தார், எத்தனை அடுக்கு வைத்தார், அடுக்குகளுக்கு நடுவே காற்றுக் குமிழி தங்கவிட்டாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் குழாயின் வலுவைத் தீர்மானிக்கின்றன. எஃகுக் குழாய் வாங்குகிறவர் ஆலையில் உருவான ஒரு பொருளை வாங்குகிறார். கார்பன் ஃபிரேமிலோ, ஃபிரேம் உருவாகும்போதுதான் பொருளே உருவாகிறது. செய்கிற கை மாறினால் பொருளே மாறிவிடும். கார்பனைப் பற்றிப் பொதுவாக யார் எதைச் சொன்னாலும் நான் கொஞ்சம் தயங்குவதற்கு இதுதான் காரணம்.

1997இல் நடந்த சோதனை

எஃகுதான் நிலைக்கும் என்ற நம்பிக்கையை உரசிப் பார்த்த ஒரு சோதனை உண்டு. ஜெர்மனியின் 'டூர்' இதழ் 1997இல் 12 உயர்தரப் பந்தய ஃபிரேம்களை ஒரு சோதனைக் கூடத்தில் ஏற்றியது. எஃகு, டைட்டானியம், அலுமினியம், கார்பன் எல்லாமே அதில் இருந்தன. வலிமையான ஒருவர் எழுந்து நின்று மிதிப்பதைப் போல இடமும் வலமுமாக மாறி மாறி விசை கொடுத்து, லட்சக்கணக்கான சுற்றுகள் ஓட்டினார்கள். கடைசிவரை உடையாமல் நின்றவை மூன்றே மூன்று. அவற்றில் இரண்டு அலுமினியம், ஒன்று கார்பன். எஃகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. "ஆயுசுக்கும் ஒரே ஃபிரேம்" என்று பெயர் எடுத்த டைட்டானியமும் மிஞ்சவில்லை.

இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு எஃகு மோசம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. மாதிரி சிறியது, உடைந்த அலுமினிய ஃபிரேம்களும் அதே பட்டியலில் இருந்தன. ஆனால் ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால் பொருள்களைப் பற்றி நிறையப் புரிகிறது.

பாலங்களிலும் ரயில்களிலும் உலோகங்கள் திடீரென்று உடைவதன் காரணத்தை 19ஆம் நூற்றாண்டில்தான் கண்டுபிடித்தார்கள். 1842இல் பிரான்சின் வெர்சாய் அருகே ஒரு ரயில் எஞ்சினின் அச்சு உடைந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை வைத்துப் பல வருடங்கள் சோதனை செய்தார். ஒரே முறை இழுத்தால் உடையாத விசைகூட, திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடைத்துவிடும் என்று காட்டினார். உலோகச் சோர்வு என்கிறோமே, அது. கூடவே இன்னொன்றையும் கண்டார். எஃகில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விசை இருந்தால், எத்தனை முறை கொடுத்தாலும் அது உடைவதில்லை. டைட்டானியத்துக்கும் ஏறக்குறைய அப்படியொரு எல்லை உண்டு. அலுமினியத்துக்குக் கிடையாது. விசை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், போதிய முறை திரும்ப வந்தால் ஒருநாள் விரிசல் விடும்.

"அலாய்க்கு ஆயுள் எண்ணி வைக்கப்பட்டது" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் வரைபடத்துக்கு அது சரி. ஃபிரேமுக்கு வரும்போது கதை மாறுகிறது. எல்லை இல்லை என்று தெரிந்துதான் அலுமினிய ஃபிரேமை வடிவமைக்கிறார்கள். விறைப்புக்காகக் குழாயைப் பருமனாக்கும்போது உலோகத்தின் மீது விழும் தகைவு (ஓரலகு பரப்பில் விழும் விசை) தானாகவே இறங்கிவிடுகிறது. மூட்டுகளில் தாராளமாக உலோகம் விடுகிறார்கள். உடைய வேண்டிய சுற்றுகளின் எண்ணிக்கை, ஓட்டுபவரின் வாழ்நாளைத் தாண்டிப் போய்விடுகிறது. எஃகில் நேர்மாறு. எஃகுக்கு எல்லை உண்டு என்ற தைரியத்தில், எடையைக் குறைக்கச் சுவரை மெலிதாக்கி மெலிதாக்கி அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். எஃகை எவ்வளவு வலுவாகத் தயாரித்தாலும் அதன் யங் குணகம் மாறாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலு கூடிய எஃகில் மெல்லிய குழாய் செய்தால் ஃபிரேம் அதிகமாக அசையும். அசைவு கூடினால் மூட்டில் வேலை கூடும்.

அப்புறம், அந்தச் சோர்வு எல்லை என்பது வழுவழுப்பான, துருப்பிடிக்காத எஃகுக்கு மட்டும்தான். வெல்டிங் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலே எல்லை கீழே இறங்கிவிடும். துரு அரிக்கத் தொடங்கினால் எல்லையே இல்லாமல் போய்விடும். எஃகும் அலுமினியத்தின் கட்சியில் சேர்ந்துவிடும். குழாயின் உள்பக்கம் தண்ணீர் தங்கும் ஃபிரேம்களில் நடப்பது இதுதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே, பெடல் அச்சு மாட்டும் கூட்டைச் சுற்றி, உலோகம் மெலிந்துகொண்டே போகும்.

மேசை மேல் கிடந்த இரண்டு துண்டுகள்

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்குள் கேள்வி அடங்கவில்லை. அதை வேறு பக்கம் திருப்பிவிட்டது ஒரு நண்பரின் ஃபோர்க். அவர் மெதுவாகத்தான் போயிருக்கிறார். ஒரு திருப்பத்துக்கு முன் முன்பிரேக்கைப் பிடித்தார். ஃபோர்க் தலைப்பகுதியில் இரண்டாகப் போய், முன்சக்கரம் தனியாகப் பின்னால் மடங்கியது. மணிக்கட்டு முறிந்தது, தாடையில் தையல். வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஃபோர்க்கின் கால்கள் இரண்டும் கார்பன். செய்தி கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "கார்பன் வேண்டாம்னு அப்பவே சொன்னோமே" என்றார்கள். துண்டுகளைப் பார்க்க நானும் நண்பரும் மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் மேசை விளக்கை இழுத்து உடைந்த முகத்துக்கு நேரே வைத்து, "தம்பி, இந்தப் பக்கம் பாருங்க" என்றார். கார்பன் கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்தது மேலே ஃபிரேமுக்குள் நுழைந்து கைப்பிடியோடு சேரும் ஸ்டீரர் குழாய். அது அலுமினியம்.

உடைந்த வட்டத்தின் முகம் இரண்டு விதமாக இருந்தது. முன்பக்கம் தொடங்கிப் பாதிக்கும் மேல் மங்கிக் கறுத்து, வழவழப்பாக, நெருக்கமான வரிகளோடு இருந்தது. மீதிப் பகுதி சொரசொரப்பாக, புதிய உலோகத்தின் மினுமினுப்போடு இருந்தது. மினுமினுத்த பகுதிதான் அன்றைக்கு உடைந்தது. மங்கிய பகுதி அதற்கு நெடுநாள் முன்பே உடைந்து, ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் திறந்து மூடி, இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று உரசி அழுக்கேறியிருந்தது. வரிகள் ஒவ்வொன்றும் விரிசல் கொஞ்சம் முன்னேறி நின்ற இடங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீரரின் முன்பக்கம்தான் இழுபடும். விரிசல் அங்கே, கீழ் பேரிங் உட்காரும் இடத்தில் பிறந்து, பின்னோக்கி நடந்து வந்திருக்கிறது.

"சத்தம் எதுவும் வந்துச்சா?" என்று அண்ணன் கேட்டார். நண்பர் யோசித்துவிட்டு, பிரேக் பிடித்தால் முன்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் கொஞ்ச காலமாக வந்துகொண்டிருந்ததாகச் சொன்னார். பேரிங் தளர்ந்திருக்கும் என்று யாரோ இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் சில நாள் நின்று மறுபடி வந்திருக்கிறது.

அந்த மங்கிய பிறையை என்னால் மறக்க முடியவில்லை. எந்தப் பொருள் வலுவானது என்று அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அந்த மேசை முன்னால் அர்த்தம் இழந்துவிட்டது. அந்தக் குழாய் பல வருடம் தாங்கியது; வலுவில் குறை சொல்ல முடியாது. அது உடையத் தொடங்கிய பிறகும் நெடுநாள் வேலை செய்தது. தான் உடைந்துகொண்டிருப்பதைச் சொல்லவும் செய்தது. ஆனால் விரிசல் இருந்த இடம், ஃபோர்க்கைக் கழற்றாமல் யார் கண்ணுக்கும் படாத இடம். பொருள் எது என்பதோடு, அது எங்கே உடையும், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு உடையும், அந்த நேரத்துக்குள் நான் அதைப் பார்க்க முடியுமா என்றும் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இது அரிதாக நடப்பதும் இல்லை, சாதாரண ஓட்டுநர்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2006 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் கருங்கல் பாதையில் வந்துகொண்டிருந்த அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பியின் ஸ்டீரர் குழாய் உடைந்து, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தோளில் அடிபட்டுப் பந்தயத்திலிருந்து வெளியேறினார். அதுவும் அலுமினிய ஸ்டீரர்தான். உலகத்தரமான மெக்கானிக்குகள் தினமும் துடைத்து வைக்கும் சைக்கிள் அது.

ஃபோர்க்கை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்

ஃபிரேம் என்பது இரண்டு முக்கோணங்கள் சேர்ந்தது. ஒரு குழாயில் விரிசல் விழுந்தால் மற்ற குழாய்கள் கொஞ்ச நேரம் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஓட்டுபவருக்குப் பின்பக்கம் ஆடுவது போலத் தெரியும், முனகல் கேட்கும், செயின் தானாகப் பல் மாறும். எல்லா ஃபிரேமும் இப்படிப் பதமாக உடையும் என்று சொல்ல மாட்டேன். ஸ்டீரர் நுழையும் தலைக்குழாயோடு, அதிலிருந்து பெடலை நோக்கி இறங்கும் கீழ்க்குழாய் சேரும் இடத்தில் முழுதாக விட்டால் அதுவும் ஆபத்துதான். ஆனால் பெரும்பாலான ஃபிரேம் விரிசல்கள் வீட்டுக்குத் திரும்பி வர விடுகின்றன. ஃபோர்க்குக்கு அந்த வசதி கிடையாது. மேலே ஒரே இடத்தில் பிடித்து, கீழே சக்கரத்தின் எல்லா அடியையும் வாங்கும் நெம்புகோல் அது. பிரேக் பிடித்ததும் உடல் எடை முன்னே சாய்வதால், சைக்கிளை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். அந்த விசை முழுவதும் ஃபோர்க்கின் தலையில் வந்து குவிகிறது. அங்கே விட்டுப்போனால் கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது, முகம்தான் முதலில் தரையில் படும்.

எஃகு ஃபோர்க்கின் பெரிய குணம், மோதினால் வளைவது. குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு, உடைவதற்கு முன் இருபது சதவீதத்தை ஒட்டி நீளும். கார்பன் இழை நீள்வது இரண்டு சதவீதத்துக்குள்தான். 6061 போன்ற அலுமினியக் கலவை நடுவில் எங்கோ நிற்கும். குழியில் இறங்கி ஏறிய எஃகு ஃபோர்க் பின்னால் மடங்கியிருந்தால் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரியும். சக்கரம் கீழ்க்குழாயை நெருங்கியிருக்கும், கையை விட்டால் ஓட்டம் மாறியிருக்கும். அதே அடியை வாங்கிய கார்பன் ஃபோர்க் ஒன்று தாங்கியிருக்கும், அல்லது உடைந்திருக்கும், அல்லது மூன்றாவதாக, வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். விமானத் துறையில் இதற்கென்றே தனிக் கவனம் உண்டு. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் மோதல் சேதம் என்று பெயர் வைத்து, அப்படியொரு சேதம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வலுவைக் கணக்கிடுகிறார்கள், மீயொலி வைத்துத் தேடுகிறார்கள். சைக்கிள் ஓட்டுபவரிடம் மீயொலிக் கருவி இருக்காது. நாணயத்தால் தட்டிப் பார்ப்பது ஓரளவுக்கு உதவும். பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகும். ஆனால் ஃபோர்க்கின் தலைப்பகுதி தடித்து, உள்ளே பல அடுக்கு இருப்பதால், அங்கே ஓசையை நம்பி முடிவெடுக்க நான் துணிய மாட்டேன்.

கார்பனுக்கு நியாயம் செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப வரும் சாதாரண விசையைத் தாங்குவதில் அது உலோகங்களை விடச் சிறந்தது. துருப்பிடிக்காது. சரியாகச் செய்த கார்பன் ஃபோர்க், யாரும் அதை மோதாமல், நசுக்காமல் வைத்திருந்தால், எஃகை விட நீண்ட நாள் உழைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதன் எதிரி மோதலும் தவறாக இறுக்குவதும்தான். கார்பன் ஸ்டீரரைச் சுற்றி, கைப்பிடியை அதோடு பிணைக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளைக் கை போன போக்கில் இறுக்கினால் குழாய் நசுங்கும். பெரும்பாலான ஸ்டெம்களுக்கு 5 நியூட்டன் மீட்டர் போதும். அதைக் கையால் அளக்க முடியாது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். ஸ்டெம் பிடிக்கும் உயரத்துக்கு உள்பக்கமாகத் தாங்கும் பிளக் இருக்க வேண்டும். ஸ்டெம்மின் கூர்மையான விளிம்பு குழாயில் பதிந்து வெட்டியிருந்தால், அந்தக் கோட்டில்தான் விரிசல் பிறக்கும்.

டைட்டானியத்தில் ஃபோர்க் ஏன் அதிகம் வருவதில்லை என்று பலர் கேட்பதுண்டு. அதன் யங் குணகம் எஃகில் பாதிதான். ஒல்லியான ஃபோர்க் கால்களில் அது அதிகமாக வளையும், பிரேக் பிடித்தால் பின்னால் போய் வரும். பருமனாக்கினால் எடை ஏறும். அதனால்தான் டைட்டானிய ஃபிரேம் வாங்குபவர்கள் பெரும்பாலும் கார்பன் ஃபோர்க்கோடு ஓட்டுகிறார்கள். டைட்டானியத்துக்கு இன்னொரு பலவீனம் வெல்டிங்கில். சூடாக இருக்கும்போது ஆக்சிஜன் பட்டால் அந்த இடம் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு நிரப்பித்தான் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் வரி வெள்ளி நிறத்திலோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருந்தால் நல்லது; நீலமும் சாம்பலும் அடித்தால் சந்தேகப்படலாம்.

டிஸ்க் பிரேக் வந்த பிறகு இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய ரிம் பிரேக் ஃபோர்க்கின் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. டிஸ்க் பிரேக்கில் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இடது காலின் அடியில் உட்கார்ந்து, அந்த ஒரு காலைத் தனியாக வளைக்கிறது. எனவே டிஸ்க் ஃபோர்க் எந்தப் பொருளில் இருந்தாலும் கால் தடிமனாகத்தான் இருக்க வேண்டும். பழைய மெல்லிய எஃகு ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் மாட்டும் துண்டைப் பற்றவைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஃபோர்க்கின் தலையைப் பலமாக்கும் வேலையும் நடந்தது. முன்பு ஸ்டீரர் மேலிருந்து கீழ்வரை ஒன்றேகால் அங்குலத்தைவிடக் குறைவாக, ஒரே பருமனில் இருக்கும். இப்போது பல ஃபோர்க்குகளில் கீழ்முனை ஒன்றரை அங்குலமாக விரிகிறது. நண்பரின் குழாய் விட்ட அதே இடத்தில்தான் அந்தக் கூடுதல் பருமன் சேர்கிறது. நல்ல மாற்றம்.

சான்றிதழ் எவ்வளவு தூரம் காக்கும்

ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரம் 2014இல் வந்தது, 2023இல் திருத்தப்பட்டது. ஃபிரேமையும் ஃபோர்க்கையும் அதன்படி சோதிக்கும்போது 22.5 கிலோ எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து போடுகிறார்கள். பெடலில் சைக்கிளின் வகைக்கேற்ப 1,000 முதல் 1,200 நியூட்டன் விசை கொடுத்து 1,00,000 சுற்று ஓட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவருக்கு ஒரு லட்சம் சுற்று என்பது 21 மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் நூறு கிலோவுக்கு மேல் எடையைப் பெடலில் ஏற்றி யாரும் ஓட்டுவதில்லை. சாதாரண மிதி அதில் சிறு பங்குதான். சோர்வைப் பொறுத்தவரை விசை கொஞ்சம் குறைந்தாலே தாங்கும் சுற்றுகள் பல மடங்கு ஏறும் என்பதால், அந்த ஒரு லட்சத்துக்குள் நீண்ட ஓட்டம் அடங்கியிருக்கிறது.

தரம் பொருளைப் பார்த்துச் சலுகை காட்டுவதில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். எஃகோ கார்பனோ, தாங்கினால் தேர்ச்சி. ஆகவே தேர்ச்சி பெற்ற அலுமினிய ஃபிரேமையும், தேர்ச்சி பெற்ற கார்பன் ஃபிரேமையும் புதிதாக இருக்கும்போது ஒன்றைவிட மற்றொன்று ஆபத்தானது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் சோதித்தது புதுப் பொருளை. ஒருமுறை கீழே விழுந்த, நெரிசலில் நசுங்கிய, யாரோ அளவில்லாமல் இறுக்கிய பொருளுக்கு அந்தச் சான்றிதழ் எதையும் சொல்வதில்லை. முத்திரையே இல்லாத, யார் செய்தது என்று தெரியாத கார்பன் ஃபோர்க்கை மலிவு என்பதற்காக வாங்குவதைப் போல ஆபத்தான சிக்கனம் சைக்கிளில் வேறு இல்லை.

நான் எதைச் சொன்னேன்

தம்பிக்குச் சொன்னது இது. ஃபிரேமில் உனக்குப் பிடித்ததை எடு. அலுமினியம் எடுத்தால் விரிசலைப் பற்ற வைத்து ஓட்ட நினைக்காதே. பற்றவைத்த சூட்டில் சுற்றியுள்ள உலோகம் வலுவிழக்கும், ஆலையில் செய்வது போல மறுபடி வெப்பப் பதப்படுத்தினால்தான் பழைய வலு வரும். வளைந்தால் நிமிர்த்தவும் கூடாது. எஃகு எடுத்தால் குழாய்களுக்குள் துருத் தடுப்பு எண்ணெய் அடி, அடியில் இருக்கும் துளை அடையாமல் பார்த்துக்கொள். விரிசல் விட்டால் நல்ல கைக்காரர் சரிசெய்துவிடுவார். கார்பன் எடுத்தால் ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் தெரிந்தவரிடம் காட்டு. கார்பனையும் நன்றாகவே பழுதுபார்க்க முடியும், ஆனால் ஃபிரேமோடு நிறுத்திக்கொள், ஃபோர்க்குக்கு வேண்டாம். சீட் போஸ்ட்டை எந்த ஃபிரேமிலும் அவ்வப்போது கழற்றித் துடைத்து மாட்டு. அலுமினியமும் எஃகும், அலுமினியமும் கார்பனும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கும், ஒட்டிக்கொண்டு வரவே வராது.

ஃபோர்க்கில் மட்டும் எனக்கு ஒரு பக்கச் சார்பு உண்டு. மூட்டை கட்டிக்கொண்டு, கரடுமுரடான பாதையில், பழுது பார்க்க ஆள் கிடைக்காத தூரத்துக்குப் போகிறவர் என்றால் எஃகு ஃபோர்க். கூடுதலாக அரை கிலோவோ அதற்கு மேலோ ஏறினாலும் பரவாயில்லை. அது வளைந்து காட்டும். நல்ல சாலையில், சொந்தக் கண்காணிப்பில், டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர் என்றால் பெயர் தெரிந்தவர்கள் செய்த கார்பன் ஃபோர்க்கில் எனக்கு மறுப்பில்லை. பழைய சைக்கிள் வாங்கி, அதன் கார்பன் ஃபோர்க் எங்கெங்கே மோதியது என்று தெரியாவிட்டால், ஃபிரேமை வைத்துக்கொண்டு ஃபோர்க்கை மாற்றிவிடுவேன். அலுமினிய ஸ்டீரர் உள்ள பழைய ஃபோர்க்குக்கும் அதே முடிவுதான். அந்த மங்கிய பிறையைப் பார்த்த பிறகு மனம் ஒப்பவில்லை.

எந்த ஃபோர்க்காக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது முழுதாகக் கழற்றிப் பாருங்கள். மழையிலும் கல்பாதையிலும் ஓட்டுபவர் இன்னும் அடிக்கடி. ஸ்டெம்மைக் கழற்றி ஃபோர்க்கைக் கீழே இறக்க பத்து நிமிடம் போதும். கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கீழ் பேரிங் உட்காரும் வளையத்துக்குச் சற்று மேலே, முன்பக்கமும் பின்பக்கமும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் மெல்லிய கோடு தெரியாது. ஸ்டெம் பிடித்த இடம், பிரேக் மாட்டும் இடம், சக்கர அச்சு உட்காரும் முனைகள், இவ்வளவையும் நகத்தால் தடவிப் பார்க்கலாம். கார்பன் குழாயில் நகத்துக்கு மென்மையாகத் தெரியும் இடம் எதுவும் இருக்கக்கூடாது. அலுமினிய ஸ்டீரரில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தால் அது பெயின்ட்டா, கீறலா, விரிசலா என்று கெரோசின் தடவித் துடைத்துப் பார்க்கலாம். விரிசலில் எண்ணெய் ஊறி நிற்கும், துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி கோடாக வெளியே வரும். அப்படி வந்தால் அந்த ஃபோர்க்கை மறுபடி மாட்டாதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், குறுக்கே அறுத்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.